இரண்டாம் பிரதி

1995இல் ஒரு ஜிபி அளவுள்ள கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்க ஏறக்குறைய 700 ஃப்ளாப்பிகள் வேண்டும். அடுக்கினால் பீரோவில் ஒரு தட்டு நிறைந்துவிடும். இன்று ஒரு ஜிபி என்பது கைப்பேசியில் எடுத்த சில நிமிட வீடியோ. நகத்தளவு மெமரி கார்டு ஒன்றில் அதைப் போலப் பல நூறு மடங்கு அடங்கும்.

சேமிக்கும் கருவி இவ்வளவு வளர்ந்தது. சேமித்ததைக் காப்பாற்றும் வழக்கம் அதோடு சேர்ந்து வளரவில்லை. கருவியின் கொள்ளளவு சிறிதாக இருந்த காலத்தில், முக்கியமானது எதுவாக இருந்தாலும் இரண்டு இடத்தில் இருந்தது. கொள்ளளவு பெருகிய பிறகு நம் படங்கள், கணக்குகள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிந்துவிட்டன. முப்பது ஆண்டு மாற்றத்தில் பலரும் கவனிக்காத பக்கம் இது. எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்பதைக் கருவி கருவியாகப் பார்த்தால்தான் புரியும்.

சனிக்கிழமை ஃப்ளாப்பி

தொண்ணூறுகளில் கணக்கு எழுதக் கம்ப்யூட்டர் வாங்கிய கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் பேக்கப் எடுப்பதுதான் அன்றாட வேலையின் கடைசிப் பகுதி. பெங்களூரில் உருவான டாலி மென்பொருள் நம் கடைத்தெருக்களுக்குள் வந்துகொண்டிருந்த காலம். கல்லாவை மூடியதும் கணக்குப்பிள்ளை ஃப்ளாப்பியைச் செருகி அன்றைய கணக்கைப் பிரதி எடுப்பார். திங்கள் முதல் சனி வரை கிழமை எழுதி ஒட்டிய ஃப்ளாப்பிகள் சுழற்சியில் வரும். மாதக் கடைசியில் எடுத்தது முதலாளி வீட்டுக்குப் போகும்.

பெரிய கம்ப்யூட்டர்களில் டேப் சுற்றிய காலத்திலிருந்து வந்த முறை இது. தாத்தா–அப்பா–மகன் முறை என்று இதற்குப் பெயர். நாள் பிரதி மகன், சனிக்கிழமை எடுக்கும் வாரப் பிரதி அப்பா, மாதப் பிரதி தாத்தா. இன்றைய பிரதி கெட்டிருந்தால் போன வாரத்துக்குப் போகலாம். அதுவும் கெட்டிருந்தால் போன மாதம் கைகொடுக்கும். தவறு எப்போது நுழைந்தது என்பது உடனே தெரியாது, அதனால் பழைய நிலைகள் பலவற்றை வைத்திருக்க வேண்டும் என்ற அறிவு அந்தச் சுழற்சிக்குள் இருந்தது.

இந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்தது ஃப்ளாப்பியின் பலவீனம்தான். மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் 1.44 மெகாபைட் கொள்ளும். காந்தப் பூச்சு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டு அது. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் அதன் காந்தம் எழுதியதைக் கெடுத்துவிடும். ‘ரீட் ஆகல’ என்பது கம்ப்யூட்டர் வைத்திருந்த எல்லா இடங்களிலும் தினம் கேட்ட சொல். விண்டோஸ் 95 ஃப்ளாப்பியில் வந்தபோது 13 வட்டுகள். பெரிய கோப்பு ஒன்றை ஏஆர்ஜே மென்பொருளால் பல துண்டாக்கிப் பல ஃப்ளாப்பிகளில் ஏற்றுவார்கள். நடுவில் ஒரு வட்டு படிக்காமல் போனால் முழுக் கோப்பும் போயிற்று. ஆகவே விவரமுள்ளவர்கள் இரண்டு செட் எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார்கள். கருவியை யாரும் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கைதான் பலருடைய உழைப்பைக் காப்பாற்றியது.

ஃப்ளாப்பிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் நடுவே

கணக்குக்கு ஃப்ளாப்பி போதும். அச்சுத் தொழிலுக்குப் போதவில்லை. ஏ4 அளவில் ஒரு வண்ணப் பக்கம், அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ நுணுக்கத்தில், நான்கு நிறங்களில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 35 மெகாபைட். அந்த ஒரு படத்தைத் தூக்கிச் செல்ல 24 ஃப்ளாப்பிகள். சென்னையில் பக்கம் வடிவமைத்து சிவகாசியில் அச்சடிப்பவர்களுக்கு இது தலைபோகிற பிரச்சினை. உலகம் முழுவதும் விளம்பர நிறுவனங்களும் பத்திரிகை அலுவலகங்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றன.

கழற்றி எடுத்துச் செல்லும் டிரைவ்களுக்குத் தனிச் சந்தை ஒன்று உருவானது இந்த இடைவெளியில்தான். கலிஃபோர்னியாவில் 1982இல் தொடங்கிய சைக்வெஸ்ட் நிறுவனம் 44 மெகாபைட் கார்ட்ரிட்ஜ்களை விற்றது. ஹார்ட் டிஸ்க்கின் தட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கழற்றி மாட்டும்படி செய்த கருவி அது. மேக்கின்டாஷ் வைத்திருந்த அச்சகங்களில் எண்பதுகளின் கடைசியில் அதுவே பொது வழக்கமாயிற்று.

பிறகு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ராய் என்ற சிற்றூரிலிருந்து செயல்பட்ட ஐயோமெகா நிறுவனம் 1995இல் ஜிப் டிரைவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கருநீலப் பெட்டி, ஃப்ளாப்பியைவிடச் சற்றுத் தடித்த வட்டு, வட்டு ஒன்றில் 100 மெகாபைட், அதாவது 70 ஃப்ளாப்பி. டிரைவ் 200 டாலருக்குள், வட்டு 20 டாலருக்குள். அதற்கு முன் வந்த எந்தப் பெரிய கொள்ளளவுக் கருவியும் சாதாரண வாடிக்கையாளரின் கைக்கு எட்டும் விலையில் இருந்ததில்லை. டிரைவைக் குறைந்த லாபத்தில் தள்ளிவிட்டு வட்டுகளில் சம்பாதிப்பது நிறுவனத்தின் கணக்கு. அது பலித்தது. 1996இல் ஐயோமெகாவின் பங்கு விலை தாறுமாறாக ஏறியது. பல கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஜிப் டிரைவை உள்ளேயே பொருத்தி விற்றன. ஃப்ளாப்பியின் இடத்தை இதுதான் பிடிக்கும் என்று தொழில் உலகம் நம்பியது.

‘டிக் டிக்’ என்ற சத்தம்

1998 வாக்கில் ஜிப் வைத்திருந்தவர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார் வரத் தொடங்கியது. வட்டைச் செருகியதும் டிரைவ் ‘டிக், டிக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும், கோப்பு திறக்காது. பயனாளிகள் அதைச் சாவுச் சத்தம் என்றே அழைத்தார்கள்.

எழுதிப் படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் பின்னால் போய்த் திரும்பத் திரும்ப முயலும்போது எழும் சத்தம் அது. சத்தத்தைவிட ஆபத்தானது அதன் தொற்று. பழுதான முனை வட்டின் ஓரத்தைக் கிழித்துவிடும். கிழிந்த வட்டை நல்ல டிரைவில் போட்டால் அந்த ஓரம் அங்கே உள்ள முனையைப் பழுதாக்கும். அந்த டிரைவில் போடும் அடுத்த வட்டும் கெடும். கோப்பு திறக்கவில்லை என்று பதறிப்போனவர்கள் இன்னொரு டிரைவில் போட்டுப் பார்த்தார்கள், பிறகு பேக்கப் வட்டை எடுத்துப் போட்டார்கள். காப்பாற்றத் துடித்த ஒவ்வொரு அசைவும் சேதத்தைப் பரப்பியது.

1998இல் அமெரிக்காவில் கூட்டு வழக்கு தொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் சமரசத்தில் முடிந்தது. அதே 1998இல் சைக்வெஸ்ட் திவாலானது. ஐயோமெகா பிழைத்துக்கொண்டு 250, பிறகு 750 மெகாபைட் ஜிப் வட்டுகளைக் கொண்டுவந்தது. அதற்குள் தரை நகர்ந்துவிட்டிருந்தது. 2008இல் ஈஎம்சி நிறுவனம் ஐயோமெகாவை ஏறக்குறைய 21 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று ஜிப் வட்டு வைத்திருப்பவர்கள் அதைப் படிக்கும் கருவியைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

ஜிப்பின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. வட்டு கெடாமல் இருந்தாலும் போதாது. அதைப் படிக்கும் கருவி, கருவியை மாட்டும் இணைப்பு, அதை இயக்கும் மென்பொருள், தயாரித்த நிறுவனம் ஆகிய எல்லாமே உயிரோடு இருக்க வேண்டும். ஒரே நிறுவனம் மட்டும் செய்யும் கருவியில் வைத்த பேக்கப், அந்த நிறுவனத்தின் ஆயுளைத் தன் ஆயுளாக வைத்திருக்கிறது.

பத்து ரூபாய் சிடி

ஜிப்பின் காலடியிலிருந்து தரையை நகர்த்தியது சிடி. 1995 வாக்கில் சிடி எழுதும் டிரைவ் ஆயிரம் டாலர். சில ஆண்டுகளில் அது தெருமுனை பிரவுசிங் சென்டருக்கும் வந்துவிட்டது. வெற்று சிடி பத்து, பதினைந்து ரூபாய். கொள்ளளவு 700 மெகாபைட். ஜிப் வட்டு ஒன்றின் விலையில் சிடிக் கட்டு ஒன்றே வாங்கலாம். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். வீட்டு டிவிக்குக் கீழே இருந்த பிளேயரிலும் ஓடும்.

‘இங்கு சிடி ரைட் செய்து தரப்படும்’ என்ற பலகை தமிழ்நாட்டில் தொங்காத ஊர் இல்லை. எழுதும்போது கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்க்கக் கூடாது. தகவல் ஓட்டம் ஒரு கணம் தடைப்பட்டாலும் அந்த சிடி வீண். கல்யாண வீடியோக்கள் விஎச்எஸ் கேசட்டிலிருந்து சிடிக்கும், பிறகு டிவிடிக்கும் மாறின. கேசட்டில் படம் மெல்ல மெல்ல மங்கும், கோடு விழும், ஆனாலும் ஓடும். சிடியில் அந்த இடைநிலை கிடையாது. ஓடும், அல்லது ஓடாது.

வீட்டில் எழுதும் சிடியில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளமிடுகிறது. சூரிய வெளிச்சமும் வெப்பமும் அதை வெளிறச் செய்யும். கீழ்ப்பக்கத்துக் கீறலுக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். உண்மையில் மேல்பக்கம், பெயர் எழுதும் பக்கம், இன்னும் மென்மையானது. சாயமும் பிரதிபலிப்புப் படலமும் அதற்கு நேர் கீழேதான் இருக்கின்றன. கூர்மையான பேனாவால் ‘அக்கா கல்யாணம்’ என்று அழுத்தி எழுதியதே பல சிடிக்களைக் கெடுத்தது. அந்தக் காலத்தில் எடுத்த சிடி இன்னும் வீட்டில் இருந்தால், அதில் இருப்பதை உடனே வேறு இடத்துக்கு மாற்றிப் பிரதி எடுத்துவிடுவது நல்லது. சிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரே அரிதாகிவருகிறது.

சட்டைப்பைக்குள் வந்த சந்தை

2000இல் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் கட்டைவிரல் அளவுள்ள டிரைவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் உருவாக்கியதை அதே ஆண்டில் அமெரிக்காவில் ஐபிஎம் விற்றது. கொள்ளளவு 8 மெகாபைட். அதற்குள் இருந்தது, ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா எண்பதுகளில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம். சுழலும் வட்டு இல்லை, முனை இல்லை, சத்தம் இல்லை. யூஎஸ்பி துளை எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்ததால் எங்கும் செருகலாம்.

ஃப்ளாப்பியின் இடத்தைப் பிடித்தது இதுதான். ஆப்பிள் 1998லேயே ஐமேக்கில் ஃப்ளாப்பி டிரைவை நீக்கியிருந்தது. 2003இல் டெல் அதைக் கட்டாய உறுப்பாக வைப்பதை விட்டது. 2011இல் சோனி ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்தியது. நம் ஊரில் ‘பென் டிரைவ்’ என்ற பெயரில் அது கல்லூரி மாணவர் முதல் தாலுகா அலுவலக எழுத்தர் வரை எல்லோர் சட்டைப்பையிலும் ஏறியது. கூடவே வைரஸும் ஏறியது. பிரவுசிங் சென்டரில் செருகிய பென் டிரைவில் கோப்புறை போல வேடமிட்ட ஒரு கோப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த கம்ப்யூட்டரில் செருகியதும் அங்கேயும் பரவும். செருகியவுடன் தானே ஓடும் அந்த வசதியை விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் 2011இல் அடைத்த பிறகுதான் அது தணிந்தது.

அதே சமயத்தில் மெமரி கார்டும் வந்தது. செல்போன் கடைகளில் கார்டை நீட்டினால் இளையராஜா நூறு, ரஹ்மான் நூறு என்று ஏற்றிக் கொடுப்பார்கள். ஆட்டோ ஸ்டாண்டு வரை பாட்டைக் கொண்டுசேர்த்த அந்த வியாபாரம், 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் விழுந்ததும் கரைந்தது. பாட்டை வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, கேட்கும்போது வரும் என்ற பழக்கம் அன்று தொடங்கியது. பாட்டுக்கு அது பொருந்தும். அதே மனநிலை நம் சொந்தப் படங்களுக்கும் பரவியதில்தான் சிக்கல்.

பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்கான கருவி. நெடுங்காலம் பாதுகாப்பதற்கு ஏற்றதல்ல. ஃபிளாஷ் சில்லில் தகவல் என்பது மிக நுண்ணிய அறைகளில் அடைத்துவைத்த மின்னூட்டம். அது கசியும், வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும். அதே ஃபிளாஷ் சில்லுகளால் ஆன, தனிநபர் கம்ப்யூட்டர்களில் பொருத்தும் எஸ்எஸ்டி டிரைவ்களுக்கான தொழில்தர விதி கேட்பது இவ்வளவுதான்: எழுதி எழுதி ஆயுள் முடியும் நிலைக்கு வந்த டிரைவ், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைத் தாங்க வேண்டும். புதிய டிரைவ் இதைவிட வெகு காலம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால், சித்திரை வெயிலில் நம் வீட்டு பீரோவுக்குள் 30 டிகிரி என்பது நடக்காத காரியம்.

சந்தையில் போலிகளும் நிறைந்திருக்கின்றன. சில நூறு ரூபாய்க்கு 2 டெராபைட் பென் டிரைவ் என்று விற்கிறார்கள். உள்ளே இருப்பது சில ஜிபி சில்லு; கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டு நிரல் திருத்தப்பட்டிருக்கும். கோப்புப் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். உண்மைக் கொள்ளளவைத் தாண்டி எழுதியவை திறக்கவே திறக்காது. வாங்கியவுடன் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்க இலவச மென்பொருள்கள் உண்டு. சோதிக்காமல் கல்யாணப் படங்களை அதில் போடக் கூடாது.

மாற்றி வைத்ததும் பிரதி எடுத்ததும்

இனி முக்கியமான திருப்பம். இரண்டாயிரத்துப் பத்துகளில் கையடக்க ஹார்ட் டிஸ்க் மலிவானது. 1 டெராபைட், 2 டெராபைட் என்று கொள்ளளவு ஏறியது. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஆலைகள் மூழ்கி உலகம் முழுவதும் விலை எகிறியபோதுதான், இந்தத் தொழில் எவ்வளவு சில இடங்களில் குவிந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிந்தது. எத்தனையோ கம்பெனிகள் ஹார்ட் டிஸ்க் செய்த காலம் போய், இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே மூன்று.

லேப்டாப் நிரம்பிவிட்டது, இடம் இல்லை. ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, பழைய படங்களை எல்லாம் அதில் போட்டுவிட்டு லேப்டாப்பில் அழித்துவிடுகிறோம். ‘பேக்கப் எடுத்துட்டேன்’ என்று சொல்கிறோம். அங்கே நடந்தது பேக்கப் இல்லை. இருந்த ஒரே பிரதி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே சாவியை வேறு ஆணியில் மாட்டுவதற்கும் மாற்றுச் சாவி செய்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

ஃப்ளாப்பிக் காலத்தில் இந்தத் தவறு எளிதில் நேர்ந்திருக்காது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் ஃப்ளாப்பிக்கு மாற்றவே முடியாது. ஆகவே மூலம் அங்கேயே இருக்கும், முக்கியமானதன் பிரதி வெளியே போகும். கொள்ளளவு பெருகிய பிறகு எல்லாவற்றையும் ஒன்றில் போட முடிந்தது, போட்டுவிட்டோம். பத்து ஆண்டுக் குடும்பப் படங்கள் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றில். மேசையிலிருந்து அது தரையில் விழும் தூரம் மூன்றடி.

இந்தச் சுமை மிக அதிகமாக விழுந்திருப்பது போட்டோ ஸ்டூடியோக்கள்மேல். நெகட்டிவ் காலத்தில் ஸ்டூடியோவிடம் நெகட்டிவ் இருக்கும், வீட்டில் ஆல்பம் இருக்கும். வேண்டுமென்று திட்டமிடாமலே இரண்டு பிரதி, இரண்டு இடம். பத்து ஆண்டு கழித்துப் போய்க் கேட்டாலும் நெகட்டிவைத் தேடி எடுத்துப் பிரிண்ட் போட்டுத் தருவார்கள். இன்று ஒரு கல்யாணத்துக்குப் பல நூறு ஜிபி சேர்கிறது. முகூர்த்த மாதத்தில் எத்தனை கல்யாணம்! அத்தனையையும் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க எந்தச் சிறு ஸ்டூடியோவாலும் முடியாது. ஆல்பமும் பென் டிரைவும் கொடுத்துச் சில மாதம் கழித்து அழித்துவிடுகிறார்கள். ஸ்டூடியோவில் இருக்கும் என்று குடும்பம் நினைக்கிறது. குடும்பத்திடம் இருக்கிறது என்று ஸ்டூடியோ நினைக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் டேட்டா ரெக்கவரி ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். புது ஹார்ட் டிஸ்க்கின் விலையைவிடப் பழையதிலிருந்து மீட்கும் கட்டணம் பல மடங்கு. மீளும் என்ற உறுதியும் கிடையாது.

மேகத்தில் இருந்தால் போதுமா?

பிரதி எங்கே என்று கேட்டால் இன்றைய பதில், ‘எல்லாம் கூகுளில் இருக்கிறது’, அதாவது மேகத்தில் (கிளவுட்). பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் நம் பீரோவைவிடப் பாதுகாப்பானவை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, விதிகள் மாறும். கூகுள் ஃபோட்டோஸ் தந்துவந்த வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியது. இறந்துபோன அப்பாவின் கணக்கில் இருக்கும் படங்களை யார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பார்கள்? மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள், சர்வர் மாற்றும்போது தொலைந்துபோயின. 2019இல் அந்தச் செய்தி வெளிவந்தபோது, தங்கள் இசைக்கு வேறு பிரதியே வைத்திருக்காத கலைஞர்கள் இருந்தார்கள்.

இரண்டாவது, மேகம் என்பதும் ஓர் ஊரில் உள்ள ஒரு கட்டடம்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் அமைப்பு அதில் அழிந்தது, 858 டெராபைட். கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியே பேக்கப் வைக்கவில்லை என்று விளக்கம் வந்தது. தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாட்டில், லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்கும் வைத்திருக்கும் நாம் செய்யும் அதே தவறு, அரசாங்க அளவில் நடந்தது.

மூன்றாவது, ஒத்திசைவை நாம் பேக்கப் என்று நம்பிவிடுகிறோம். ஃபோனில் அழித்தால் கணக்கிலும் அழியும்படிதான் பல சேவைகள் வேலை செய்கின்றன. இதன் விலையை மிகக் கடுமையாகக் கொடுத்தது டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசநிரல் அதன் வலையமைப்பு முழுவதும் பரவியது. ஊழியர் கணக்குகளையும் அனுமதிகளையும் கட்டுப்படுத்தும் சர்வர்கள் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கட்டும் என்று எல்லாம் ஒன்றையொன்று பார்த்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தால் என்ன செய்வது என்று யாரும் நினைக்கவில்லை. கடைசியில் கானா நாட்டுக் கிளையில் ஒரே ஒரு சர்வர் தப்பித்திருந்தது. தாக்குதல் நடந்தபோது அங்கே மின்வெட்டு. இணைப்பில் இல்லாததால் அது பிழைத்தது. அதிலிருந்த வட்டைக் கையோடு விமானத்தில் லண்டனுக்குக் கொண்டுபோய்த்தான் நிறுவனத்தை எழுப்பினார்கள்.

அந்த மின்வெட்டு தற்செயலாகச் செய்ததை நம் கணக்குப்பிள்ளை தினமும் மாலையில் தன் கையால் செய்தார். ஃப்ளாப்பியைக் கழற்றி எடுத்து வைத்தார். கழற்றி வைத்த பிரதியை வைரஸாலும் தொட முடியாது, தவறுதலாக அழுத்திய பொத்தானாலும் தொட முடியாது. அதனால்தான் டேப் இன்னும் சாகவில்லை. 2011இல் மென்பொருள் பிழை ஒன்றால் ஒரு சிறு விழுக்காட்டுப் பயனாளிகளின் ஜிமெயில் பெட்டி காலியானபோது, கூகுள் அதை மீட்டது டேப்பிலிருந்து. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை எல்டிஓ டேப் ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். கழற்றி வைக்கும் பழைய முறையைப் பெரிய நிறுவனங்கள் கைவிடவில்லை. கைவிட்டது வீடுகளும் சிறு கடைகளும்தான்.

தெரிந்தே இழந்தவர்கள் நாம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளம் முழுவதும் நீருக்குள் இருந்த வீடுகளிலும் கடைகளிலும், மேசைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரும் பக்கத்து அலமாரியில் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே மூழ்கின. இரண்டு பிரதி ஒரே அறையில் இருந்தால், வெள்ளத்துக்கும் தீக்கும் திருட்டுக்கும் அது ஒரே பிரதி.

தமிழர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பனையோலையின் ஆயுள் குறைவு என்பதால் ஏடுகளைப் படியெடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நூலின் பிரதி மடத்தில் இருந்தது, புலவர் வீட்டில் இருந்தது, தொலைவில் உள்ள சிற்றூர் ஒன்றிலும் இருந்தது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, பல ஊர்களில் பல பிரதிகள் மிஞ்சியிருந்ததால்தான். ஒன்றில் செல்லரித்த இடம் இன்னொன்றில் இருந்தது. 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அதோடு முடிந்துபோயின. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி யாரும் படிக்கத் திறந்துவைத்திருக்கும் ‘நூலகம்’ என்ற திட்டம், அந்த இழப்பை அறிந்த ஒரு சமூகத்தின் உழைப்பு. ஒற்றைப் பிரதியின் விலையை இவ்வளவு நேரடியாக அறிந்த நாம், நம் வீட்டு வரலாற்றை ஒற்றைப் பிரதியில் வைத்திருக்கலாமா?

இன்று எளிது

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ படங்களைப் பாதுகாப்பது பற்றி எழுதும்போது பிரபலப்படுத்திய விதி ஒன்று உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். ஒரு குடும்பத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், கம்ப்யூட்டரில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையக் கணக்கில் ஒன்று. ஹார்ட் டிஸ்க்கைப் பிரதி எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் கழற்றி வைக்க வேண்டும். இணையத்தை நம்பாதவர்கள் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைத் தங்கை வீட்டில் வைத்து, தீபாவளிக்குத் தீபாவளி மாற்றிக்கொள்ளலாம்.

அதோடு பிரதியைத் திறந்து பார்ப்பதும் வேண்டும். 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி தவறான ஒரு கட்டளையால் அழிந்தது. பேக்கப் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தால், அது சரியாக வேலை செய்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சுஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பழைய கோப்புகளில் சிலவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். ஐந்து, ஆறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய டிரைவுக்குப் படியெடுக்க வேண்டும். எந்தக் கருவியும் தானாக நூறு ஆண்டு காக்காது. படியெடுத்துக்கொண்டே இருப்பவர்கள்தான் காக்கிறார்கள்.

இதைத் தனிமனிதர் பொறுப்பாக மட்டும் விடக் கூடாது. ஸ்டூடியோக்கள் பென் டிரைவைக் கையில் கொடுக்கும்போதே, ‘எங்களிடம் இது இந்தத் தேதி வரைதான் இருக்கும், வீட்டுக்குப் போனதும் இன்னொரு பிரதி எடுங்கள்’ என்று ரசீதில் எழுதித் தரலாம். ஹார்ட் டிஸ்க் விற்கும் கடைக்காரர், வாங்குபவர் படங்களை மாற்றப்போகிறாரா, பிரதி எடுக்கப்போகிறாரா என்று ஒரு கேள்வி கேட்கலாம். கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் பள்ளிகளில், கோப்பைச் சேமிக்கக் கற்றுக்கொடுக்கும் அதே வகுப்பில் அதன் இரண்டாம் பிரதியை எடுக்கவும் கற்றுக்கொடுக்கலாம். எழுநூறு ஃப்ளாப்பி தேவைப்பட்ட காலத்தில் பிரதி எடுக்காமல் விட்டவருக்குச் செலவும் நேரமும் ஒரு காரணமாக இருந்தன. இன்று ஒரு மணி நேரமும் ஒரு ஹார்ட் டிஸ்க்கின் விலையும் போதும். அந்தக் காரணங்களை இனி யாரும் சொல்ல முடியாது.